சாம்பல் வேலை, புளி வேலை



என்னிடம் படித்தவர்களில் ஹோட்டல், மெஸ், டீக்கடை என்று சமையல் தொழிலில் இருப்பவர்களே முப்பது பேருக்கு மேல் தேறுவீர்கள். மற்றவர்கள் வீட்டிலும் அடுப்படி உண்டு. அதனால் இந்தப் பதிவு எல்லோருக்கும்தான். கொஞ்சம் நீளம். மணி அடித்த பிறகும் டீச்சர் பாடத்தை நிறுத்த மாட்டாள் என்பது உங்களுக்குப் பழகிப்போனதுதானே!

விஷயம் இதுதான்: எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய டைல்ஸையும் அதன் இடுக்குகளையும் எப்படிக் கழுவுவது? இதற்கெல்லாமா ஒரு பதிவு என்று நினைக்காதீர்கள். தெரியாமல் கழுவப்போய் மூச்சை இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

கார்த்திகை பிறந்துவிட்டால் மகரஜோதி வரைக்கும் நம்ம தேனி, கம்பம், கூடலூர், குமுளி ரோடு தூங்காது. விடிய விடிய ஐயப்பன்மார் வண்டிகள்தான். இந்த ரோட்டில் மெஸ் வைத்திருக்கும் பலருக்கும் அந்த இரண்டு மாத வியாபாரம்தான் வருஷத்துக்கே தெம்பு. அதை நம்பி, என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த ஒரு பையன் போன ஐப்பசியில் ஒரு பழைய மெஸ்ஸை வாடகைக்குப் பிடித்தான். மனைவியின் நகையை அடகு வைத்துத்தான் அட்வான்ஸ் கொடுத்தான். சாமிமார்களுக்குச் சைவச் சாப்பாடு மட்டும் போடுவதாக எண்ணம்.

கடையோ மூன்று வருஷமாகப் பூட்டிக் கிடந்தது. முன்பு அசைவம் ஓடிய இடம். கதவைத் திறந்ததுமே பழைய மீன் பொரித்த எண்ணெய் வாடை. விரதத்தில் இருக்கிறவர் வாசலோடு திரும்பிப் போய்விடுவார். சமையல்கட்டுச் சுவரில் கை வைத்தால் கை ஒட்டுகிறது. எக்ஸாஸ்ட் ஃபேன் இறக்கையில் பாகு மாதிரி தொங்குகிறது. வெள்ளை டைல்ஸ் காபி நிறமாகிவிட்டது. டைல்ஸ் இடுக்கெல்லாம் கறுத்து, கட்டம் போட்ட கணக்கு நோட்டை விரித்துப் போட்டது மாதிரி இருந்தது.

"பால் காய்ச்சுற அன்னைக்கு வரணும் டீச்சர், அதுக்கு முன்னாடி ஒரு நடை வந்து பாருங்க" என்று கூப்பிட்டான். நான் போன நேரம், கழுவுவதற்கு ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா வந்திருந்தார். கையில் இரண்டு பாட்டில் ஆசிட், ஒரு பாக்கெட் பிளீச்சிங் பவுடர். "ரெண்டையும் சேத்து ஊத்தி ஊறவிட்டா பளிச்சுன்னு ஆயிரும்னு கடையில சொன்னாங்க" என்றார்.

"வேணாம்மா, ரெண்டையும் கீழ வை" என்றேன்.

பிளீச்சிங் பவுடரோடு அமிலம் சேர்ந்தால் குளோரின் வாயு வெளிவரும் என்று உங்களுக்குச் சமன்பாடு எழுதிப் போட்டது நினைவிருக்கும். 1915 ஏப்ரல் 22-ஆம் தேதி பெல்ஜியத்தின் ஈப்ர் நகரத்துக்குப் பக்கத்தில், முதல் உலகப் போரில் ஜெர்மன் படை எதிரிகள் மேல் திறந்துவிட்டதும் இதே வாயுவைத்தான். காற்றைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு கனம் என்பதால் மேலே எழும்பாது, தரையோடு தவழும். குத்துக்காலிட்டுத் தரை தேய்ப்பவரின் மூக்கும் அங்கேதான் இருக்கும்.

2019 நவம்பரில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பர்லிங்டன் என்ற ஊரில் ஒரு உணவகத்தில் நடந்தது இது. சமையல்கட்டுத் தரையில் அமிலம் கலந்த கிளீனர் ஏற்கெனவே சிந்தியிருந்தது. அது தெரியாமல் இன்னொருவர் பிளீச் கலந்த கிளீனரை ஊற்றினார். தரை நுரைத்துக்கொண்டு வந்தது. அதை வெளியே தள்ளிவிடப் பார்த்த மேலாளர் இறந்தே போனார். பத்துப் பேருக்கு மேல் மருத்துவமனைக்குப் போனார்கள். எல்லாச் சட்டமும் வசதியும் உள்ள நாட்டிலேயே இப்படி.

நான் இதைச் சொன்னதும் அந்தம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார். சில வருஷம் முன்னால் வெளியூரில் ஒரு ஹோட்டலில் வேலை பார்த்திருக்கிறார். ராத்திரி கடை அடைத்தபின், ஷட்டரை இறக்கிவிட்டு இதே கலவையை ஊற்றித் தேய்த்திருக்கிறார். கண் எரிந்து, தொண்டை அடைத்து, இரண்டு நாள் ஆஸ்பத்திரி. அந்த இரண்டு நாள் கூலியையும் பிடித்துக்கொண்டார்களாம். "அதுல இருந்து மார்கழிப் பனி வந்தா இழுக்குது டீச்சரம்மா. வயசாகுதுன்னு நெனச்சுக்கிட்டேன்" என்றார்.

எனக்கு நெஞ்சு பதறிவிட்டது. ஒரு வரி, ஒரே ஒரு வரி, யாராவது அவரிடம் சொல்லியிருந்தால் போதும். யாரும் சொல்லவில்லை. கழுவுகிறவருக்கு எதற்குப் பாடம் என்று நினைத்திருப்பார்கள்.

சரி, ஆசிட் மட்டும் தனியாக ஊற்றினால்? அதுவும் வீண். எண்ணெய்ப் பிசுக்கை ஆசிட் கரைக்காது. பிறகு ஏன் பளிச்சென்று தெரிகிறது? டைல்ஸ் இடுக்கில் இருப்பது சிமெண்ட். ஆசிட் அந்தச் சிமெண்டைத்தான் அரிக்கிறது. மேல்தோல் உரிந்து வரும்போது அதன் மேல் இருந்த அழுக்கும் கூட வருகிறது. நமக்குச் சுத்தமானது போலத் தோன்றும். அடுத்த வாரம் இன்னொரு தோல். கடைசியில் இடுக்கு பள்ளமாகிவிடும்.

அந்தக் கடையில் அதுதான் நடந்திருந்தது. சாக்கடை ஓட்டைப் பக்கம் ஒரு ரூபாய்க் காசால் தரையைத் தட்டிப் பார்க்கச் சொன்னேன். மற்ற இடத்தில் 'டக் டக்'. அங்கே மட்டும் காலிப் பானை மாதிரி ஓசை. இரண்டு டைல்ஸைப் பெயர்த்தால் அடியில் கறுப்புத் தண்ணீர் தேங்கிக் கிடக்கிறது. வாடையின் ஊற்று அங்கேதான் இருந்தது! வாடை போகட்டும் என்று ஊற்றிய ஆசிட்தான் இடுக்கைத் தின்று, வாடைக்குக் குடியிருக்க இடம் கொடுத்திருக்கிறது.

பிசுக்குக்கு மருந்து காரம். எண்ணெயும் காரமும் சேர்ந்தால் சோப்பும் கிளிசரினும் என்று பத்தாம் வகுப்பில் படித்தீர்களே, அந்தச் சோப்பாதல் வினைதான். கொழுப்புக்குள் என்ன இருக்கிறது என்று ஆராய்ந்து இதை விளக்கியவர் செவ்ரெல் என்ற பிரெஞ்சுக்காரர். 1823-இல் புத்தகமாகவே போட்டார். மனிதர் 102 வயது வரை வாழ்ந்தார்!

இதையெல்லாம் அந்தம்மாவிடம் எப்படிச் சொல்வது? "உங்க வீட்டுல பெரியவங்க எண்ணெய்ச் சட்டிய எத வச்சு வெளக்குனாங்க?" என்று கேட்டேன். "சாம்பல்" என்றார். "பித்தளைக் குடத்த?" "புளி." "ஏன் மாத்திச் செய்யல?" அவர் சிரித்துவிட்டு, "மாத்துனா போகாதுல்ல" என்றார். அவ்வளவுதான் விஷயம். சாம்பலில் இருப்பது காரம், அது எண்ணெயை எடுக்கும். புளியில் இருப்பது அமிலம், அது களிம்பை எடுக்கும். அவரே முடித்துவிட்டார்: "அப்ப இது சாம்பல் வேல, புளி வேல இல்ல." நான் முப்பத்து நான்கு வருஷம் நடத்திய பாடத்தை ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

ஆசிட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வாஷிங் சோடா வாங்கி வரச் சொன்னேன். சமையல் சோடா வேறு, இது வேறு, குழப்பிக்கொள்ளாதீர்கள். பத்து லிட்டர் நல்ல வெந்நீருக்கு அரைக் கிலோ, கூடவே கொஞ்சம் பாத்திரம் கழுவும் திரவம். போர்த் தண்ணீரின் கடினத்தன்மையையும் வாஷிங் சோடா குறைத்துவிடும் என்பது கூடுதல் லாபம்.

"ஒரே நாள்ல முடிச்சிரலாமா டீச்சர்?" என்றான் பையன். வாடகை ஓடிக்கொண்டிருக்கிறதே, அவன் கவலை அவனுக்கு. ஹெர்பர்ட் சின்னர் என்ற ஜெர்மன் வேதியியலாளர் அறுபது வருஷத்துக்கு முன்பே ஒரு கணக்குச் சொன்னார். சுத்தம் செய்வதில் நான்கு பங்கு உண்டு: மருந்து, சூடு, நேரம், தேய்ப்பு. ஒன்றைக் குறைத்தால் இன்னொன்றைக் கூட்டியாக வேண்டும். நேரத்தைக் குறைத்தால் அந்தம்மாவின் தோள்பட்டைதான் அதை ஈடுகட்டணும் என்றேன். மூன்று நாள் கொடுத்தான்.

முதல் நாள் மேல்பக்கம். சிலிண்டரை வெளியே எடுத்து, மெயினை அணைத்து, புகைக்கூண்டையும் ஃபேனையும் முதலில் கழுவினார்கள். தரையை முதலில் கழுவினால் மேலிருந்து ஒழுகி இரட்டை வேலையாகிவிடும். சுவரில் சோடாத் தண்ணீரைக் கீழிருந்து மேலாகத் தடவணும், அலசும்போது மேலிருந்து கீழாக அலசணும். மாற்றிச் செய்தால் கோடு கோடாகத் தாரை விழும். அலுமினியப் பாகத்தில் மட்டும் இந்தத் தண்ணீர் வேண்டாம், காரம் அலுமினியத்தை அரிக்கும்.

இரண்டாம் நாள் தரை. பெயிண்டர்கள் பட்டி பார்க்கும் தகட்டால் கெட்டிப் பிசுக்கைச் சுரண்டி, மரத்தூள் தூவி அள்ளினார்கள். அள்ளாமல் வெந்நீரை ஊற்றினால் உருகிய கொழுப்பெல்லாம் சாக்கடைக்குள் போய் ஆறி அடைத்துக்கொள்ளும். பிறகு சோடா வெந்நீர், இருபது நிமிஷம். காயவிடக் கூடாது. காய்ந்தால் மறுபடி ஒட்டிக்கொள்ளும். பழைய எண்ணெய் பல வருஷச் சூட்டில் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னி வார்னிஷ் மாதிரி ஆகியிருக்கும். அது ஒரே தடவையில் கரையாது. ஊறி இளகும், அப்போது சுரண்டணும். மூன்று முறை செய்தார்கள். இடுக்குக்கு நைலான் பிரஷ். கம்பி பிரஷ் வேண்டாம், கீறலில் அழுக்கு மறுபடி குடியேறும்.

எண்ணெய் போய்விட்டதா என்று எப்படித் தெரியும்? ஒரு கை தண்ணீர் தெளித்துப் பாருங்கள். முத்து முத்தாக நின்றால் எண்ணெய் இன்னும் இருக்கிறது. பரவி ஓடினால் போய்விட்டது. அந்தம்மா ஒவ்வொரு டைல்ஸாகத் தெளித்துப் பார்த்து, நிற்கிற இடத்தில் மறுபடி தேய்த்தார். பரிசோதனைக் கூடத்தில்கூட உங்களில் பாதிப் பேர் அவ்வளவு கவனமாக இருந்ததில்லை!

மூன்றாம் நாள் நன்றாக அலசி, கதவு ஜன்னல் எல்லாம் திறந்து வைத்து, பிளீச்சிங் பவுடரைத் தண்ணீரில் கரைத்துத் தனியாகத் தெளித்து அலசினார்கள். கிருமிக்கு அது தேவை. ஆனால் பிசுக்கு போன பிறகுதான் அது வேலை செய்யும். கொத்தனார் வந்து பள்ளமான இடுக்குகளைச் சுரண்டி எடுத்து, எண்ணெய் உறிஞ்சாத எபாக்சி வைத்து அடைத்தார். கொஞ்சம் செலவுதான். உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006-இல் வந்தது. அதன் கீழ் 2011-இல் வந்த விதிகளும், சமையல்கட்டுத் தரையும் சுவரும் ஈரம் உறிஞ்சாமல், கழுவ எளிதாக இருக்க வேண்டும் என்றுதான் சொல்கின்றன.

எண்ணெய் பற்றியும் ஒரு வார்த்தை. சுவரில் வார்னிஷ் ஆகும் அதே மாற்றம் வாணலிக்குள்ளும் நடக்கிறது. திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் உண்டாகும் கெடுதலான சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று 2018 ஜூலை முதல் விதி இருக்கிறது. கழுவிய சுவரில் சீக்கிரமே பிசின் மாதிரி ஒட்டினால் எண்ணெயையும் கவனியுங்கள்.

கார்த்திகை முதல் நாள் விடியற்காலையில் கடை திறந்தது. ஒரு குருசாமி வாசலில் நின்று மூக்கை ஒரு தரம் உறிஞ்சிப் பார்த்துவிட்டு, பின்னால் வந்த பதினோரு பேரையும் உள்ளே கூப்பிட்டார். பையன் எனக்குப் போன் போட்டுச் சொன்னபோது அவன் குரல் தழுதழுத்தது. நகை இன்னும் அடகில்தான் இருக்கிறது, மீட்டுவிடுவான்.

அந்தம்மாவை அவன் அங்கேயே வேலைக்கு வைத்துக்கொண்டான். முழங்கை வரை ரப்பர் கையுறை, பூட்ஸ், கண்ணாடி வாங்கிக் கொடுத்திருக்கிறான். ஆனால் மார்கழியில் பார்த்தபோது அவருக்கு இழுத்துக்கொண்டுதான் இருந்தது. தரையில் போன சிமெண்டைத் திரும்பப் பூசிவிட்டோம். நெஞ்சில் போனதற்கு அப்படி ஒரு பூச்சு இல்லை.

அதனால் உங்களிடம் கேட்பது இதுதான். உங்கள் கடையில், வீட்டில், ஆபீஸில் தரை கழுவுகிறவரிடம் இன்றைக்கே பேசுங்கள். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருநாளும் சேர்க்கக் கூடாது என்று சொல்லுங்கள். இரண்டையும் ஒரே அலமாரியில் வைக்காதீர்கள். எழுத்துப் படிக்காதவராக இருந்தால் பாட்டிலைக் கையில் எடுத்துக் காட்டிச் சொல்லுங்கள். ஊற வைக்க நேரம் கொடுங்கள். அந்த நேரத்துக்கும் கூலி கொடுங்கள்.

எல்லோரும் நலமாக இருங்கள்.

உங்கள் கெமிஸ்ட்ரி டீச்சர்