மணலில் ஓடிய கால்

தோட்டவெளியில் பிறந்தவனுக்கு மணலைக் குறித்து எவரும் பாடஞ் சொல்ல வேண்டியதில்லை என்று நான் எண்ணியிருந்தேன். ஒழுங்கையும் மணல், வளவும் மணல், பனங்கூடலைத் தாண்டிச் சென்றால் கடற்கரையும் மணலே. ஆகையால், பாடசாலை விளையாட்டுப் போட்டியில் 1500 மீற்றர் ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்திருந்த என் மகள் பயிற்சிக்குத் துணை வேண்டுமென்று கேட்டபோது, "தலைமன்னார் வீதியின் தார் கடினமானது, மணலில் ஓடுவோம், கால் நோகாது" என்று பெரிய அனுபவசாலிபோற் கூறினேன். ஐம்பது வயதிற் சப்பாத்தையுங் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலுடன் ஓடவுந் தொடங்கினேன்.

ஐந்தாம் நாள் இடது கெண்டைக்கால் கயிறுபோல் முறுகிக்கொண்டது. மகளிடஞ் சொல்ல வெட்கம். மேலும் மூன்று நாள் நொண்டாததுபோல் நடித்து ஓடினேன். அடுத்த நாட் காலையிற் கட்டிலை விட்டிறங்கிக் குதியை நிலத்தில் ஊன்ற இயலாமற் சுவரைப் பற்றிக்கொண்டு நின்றேன்.

என் தாயார் நல்லெண்ணெயைக் காய்ச்சி உருவிவிட ஆயத்தமானார். அதற்குமுன் வைத்தியரிடங் காட்டியது நல்லதாயிற்று. கால் வீங்கிச் சிவந்து சூடாயிருக்கின்றதா என்று அவர் முதலிற் பார்த்தார். நாளத்திற் குருதி உறைந்திருந்தால் அவ்வாறு தோன்றக்கூடும். அந்நிலையில் உருவுதல் ஆபத்து. பின்னர் என்னைக் குப்புறப் படுக்கவைத்துச் சதையை அழுத்தினார். பாதம் அசைந்தது, குதிநாண் அறுந்துவிடவில்லை.

"மணல் மெத்தென்றிருக்கின்றதே, ஐயா?" என்று கேட்டேன். பாதத்துக்கு மெத்தென்றிருக்கும், கெண்டைக்காலுக்கு அன்று என்றார் அவர். மணலிற் குதி புதையும்போது சதை கூடுதலாக இழுபடுகின்றது. உந்தி எழும்போது மணல் நழுவுவதால் உந்திய வலுவில் ஒரு பங்கு வீணாகின்றது. மணலில் ஓடுவதற்குக் கட்டாந்தரையில் ஓடுவதைப்போல் 1.6 மடங்கு சக்தி வேண்டுமென்று 1998ஆம் ஆண்டிற் பெல்ஜிய ஆய்வாளர் அளந்து காட்டியிருக்கின்றனர். கழுதைகள்கூட எங்களூரில் தார் வீதியையே நாடுவதன் காரணம் இதுதானோ, யானறியேன்.

சில நாள் ஓய்வுக்குப் பின் அப்பியாசந் தொடங்கியது. வாசற்படியின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றிக் குதியை உயர்த்தி, மெல்ல மெல்லத் தாழ்த்தவேண்டும். முதலில் இரு காலாலும், நோவு தணிந்தபின் ஒரு காலாலும். முழங்காலை நீட்டிச் செய்தபின், சற்று மடக்கியுஞ் செய்யவேண்டும். கெண்டைக்காலில் இரு தசைகள் உள்ளனவாம், மடக்கும்போதுதான் உள்ளேயிருக்குந் தசைக்குப் பெரும்பங்கு வேலை சேரும். சதையை இழுத்து நீட்டினால் மட்டும் போதாது, பாரஞ் சுமக்கப் பழகினாற்றான் அது ஓட்டத்தைத் தாங்கும் என்பது வைத்தியர் கூற்று. மகளே கணக்குப்பிள்ளை. பதினான்கைப் பதினைந்தென்று நான் எண்ணினால் அவள் விடுவதில்லை.

ஆறு வாரங்கழித்து, சப்பாத்தணிந்து, தார் வீதியில், ஒரு நிமிட ஓட்டமும் இரண்டு நிமிட நடையுமாக மீண்டுந் தொடங்கினேன். மகளும் வீதிக்கே மாறிவிட்டாள். மணலில் வாரத்துக்கொரு நாள், அதுவும் பத்து நிமிடம்.

போட்டியில் அவள் நான்காவதாக வந்தாள். மூச்சிரைக்க வந்து நின்றவளிடம் நான் முதலிற் கேட்டது கெண்டைக்காலைப் பற்றித்தான். "நோவில்லை அப்பா, தண்ணீர் தாருங்கள்" என்றாள்.