நோயாளி தூங்கினார்

கேஸ் ஷீட்டில் நான் எழுதிய ஒரு வரி பொய். ‘நோயாளி இரவு நன்றாகத் தூங்கினார்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த அக்கா தூங்கவில்லை. பேசிக்கொண்டிருந்தார், என்னிடம்தான்.

வெம்பக்கோட்டை வட்டாரத்திலிருந்து கொண்டுவந்தார்கள். உடம்பில் பாதிக்கு மேல் வெந்திருந்தது. “அடுப்புல சேலை பத்திக்கிருச்சு” என்றார்கள் கூட வந்தவர்கள். டூட்டி டாக்டர் விபத்துப் பதிவேட்டில் அப்படியே எழுதினார். எங்கள் பக்கம் அடுப்பில் பற்றுகிற சேலைகள் கொஞ்சம் அதிகம். லைசென்ஸ் இல்லாமல் வீட்டில் வைத்துப் பட்டாசு செய்கிற இடங்களும் அதிகம்.

சலைன் விட்டுக் கையைத் துடைத்தபோது காஸ் துணி சாம்பல் நிறத்தில் மினுங்கியது. நகக்கண்ணிலும் அதே மினுக்கம். பட்டாசுக்குப் போடுகிற அலுமினியப் பவுடர். சிவகாசிப் பக்கம் பிறந்தவளுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. சாயங்காலம் மாஜிஸ்திரேட் வந்து மரண வாக்குமூலம் வாங்கினார். அவரிடமும் அடுப்புதான். வேலை கொடுத்தவர் வராந்தாவில் அக்காவின் வீட்டுக்காரரோடு நின்றிருந்தார்.

தீக்காயம் பட்டவர்கள் முதல் நாள் தெளிவாகப் பேசுவார்கள். சொந்தக்காரர்கள் அதைப் பார்த்துப் பிழைத்துவிடுவார் என்று நம்பிவிடுவார்கள். ராத்திரி தண்ணீர் கேட்டார், உதட்டை நனைத்தேன். “அடுப்பு இல்ல சிஸ்டர். கதவச் சாத்திக்கிட்டு பட்டாசுக்கு மருந்து செலுத்திக்கிட்டிருந்தேன். யார்ட்டயும் சொல்லிராதீங்க. அவரு நாளைக்கு அவங்ககிட்டதான வேலைக்குப் போகணும்.”

“சரிக்கா” என்றேன்.

நோயாளி சொன்ன ரகசியத்தைக் காப்பது நர்ஸின் கடமை என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். ரகசியம் காப்பது என்றால் ஊராரிடம் சொல்லாமலிருப்பது. வைத்தியம் பார்க்கிற டாக்டரிடமே மறைப்பதற்கு அந்தப் பெயர் பொருந்தாது. சாத்திய அறைக்குள் மருந்து வெடித்தால் மூச்சுக்குழாய் உள்ளே வெந்து வீங்கலாம், தொண்டையில் முன்கூட்டியே குழாய் போட வேண்டிவரலாம். இது படிப்பில் வரும் பாடம். டாக்டரை எழுப்பி “கதவு சாத்தியிருந்ததாம்” என்று மட்டுமாவது நான் சொல்லியிருக்க வேண்டும். விடிந்ததும் மதுரைக்கு அனுப்பினார்கள். அங்கே இறந்துபோனார். நான் சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாரா? அவ்வளவு வெந்தவர்களில் பலர் பிழைப்பதில்லை. அந்தப் பதிலை நான் அடிக்கடி பயன்படுத்தியிருக்கிறேன்.

சட்டமும் எனக்குத் தெரியாததில்லை. சாகப்போகிறவர் தன் சாவுக்கான காரணத்தை யாரிடம் சொன்னாலும் அது சாட்சியம். நர்ஸிடம் சொன்னாலும் செல்லும். அப்போது சாட்சியச் சட்டத்தின் 32-ஆம் பிரிவு, இப்போதைய சட்டத்தில் 26. மாஜிஸ்திரேட்டிடம் ஒன்று, என்னிடம் ஒன்று என்று இரண்டு வாக்குமூலம் முரண்பட்டால் எது நிஜம் என்று பார்ப்பது கோர்ட்டின் வேலை. அந்த வேலையை நானே எடுத்துக்கொண்டு ஒன்றைக் கிழித்துப் போட்டேன்.

ஏன்? ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டு. எங்கள் சீனியர் ஒருவர் சாட்சி சொல்லப் போய், வாய்தா வாய்தாவாக லீவைத் தொலைத்துவிட்டு வந்ததைப் பார்த்திருந்தேன். எனக்கு அந்த அலைச்சல் வேண்டாம். இதற்கு மேல் பெரிய காரணம் எதுவும் இல்லை.

சொல்லாமல் விட்ட மற்றவர்களை நானும் திட்டியிருக்கிறேன். 2018 டிசம்பரில் சாத்தூர் அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. தொற்றுள்ள ரத்தம் ஏற்றப்பட்டது. சிவகாசி ரத்த வங்கியிலிருந்து போன ரத்தம். கொடுத்த இளைஞருக்கு 2016-லேயே தொற்று தெரிந்திருந்தும் அவரிடம் சொல்லப்படவில்லை என்று செய்தி வந்தது. அவர் விஷம் குடித்து இறந்தார். அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொல்லி 2019-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. தெரிந்ததைச் சொல்லாமல் விட்டார்களே பாவிகள் என்று டூட்டி ரூமில் எல்லோரையும்விட உரக்கப் பேசியவள் நான்தான்.

இழப்பீட்டுக் கணக்கும் ஒன்று உண்டு. 2021 பிப்ரவரியில் அச்சங்குளம் பட்டாசு ஆலை வெடித்தபோது, இறந்தவர் குடும்பத்துக்கு 20 லட்சம் என்று பசுமைத் தீர்ப்பாயம் நிர்ணயித்தது. அக்காவின் குடும்பத்துக்கு 1923-ஆம் ஆண்டு தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் இருந்தது. ஆனால் வேலையில் நேர்ந்த விபத்து என்று நிறுவ வேண்டும். அடுப்பை வைத்து எதை நிறுவுவது?

இதைவிடக் கேவலம் ஒன்று பாக்கி இருக்கிறது. காரியமெல்லாம் முடிந்து கொஞ்ச நாளில் அவர் வீட்டுக்காரர் வந்தார். நஷ்டஈடு கேட்டுப் பார்க்கலாம் என்று ஒரு வக்கீல் சொன்னாராம், கேஸ் ஷீட் நகல் வேண்டும் என்றார். அப்போதாவது டாக்டரிடம் கூட்டிப்போய் நடந்ததைச் சொல்லியிருக்கலாம். ரெக்கார்டு ரூமைக் கைகாட்டி அனுப்பினேன். நகலில் என் வரியும் இருக்குமே, யாராவது தோண்டிக் கேட்பார்களோ என்ற பயம் எனக்கு. வக்கீல் கேஸை எடுக்கவில்லை என்று பிறகு கேள்விப்பட்டபோது நிம்மதியாக இருந்தது.