முன்னே நிற்கும் ஓர் எழுத்து

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். அப்பா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுபவர். கணிப்பொறிப் பாடத்தில் ஐயம் எழுந்தால், அதை அப்பாவுக்கு விளங்கும்படி சொல்லிப் பார்ப்பதே என் வழக்கம். அவ்வாறு விளங்கிக்கொண்ட ஒன்றை இங்கு எழுதுகிறேன்.

ஒரு நிரலில் செய்த திருத்தத்தை மட்டும் பிறருக்கு அனுப்ப உதவுவது 'ஒட்டு' எனும் சிறு கோப்பு. அதை உரிய இடத்தில் பொருத்தும் 'பேட்ச்' நிரலை லாரி வால் 1985-இல் வெளியிட்டார். 2005-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய 'கிட்', ஒட்டில் கோப்பின் பாதையை எழுதும்போது பழையதற்கு முன் 'ஏ' என்றும் புதியதற்கு முன் 'பி' என்றும் ஓர் எழுத்தைச் சேர்க்கிறது. 'கணக்கு' கோப்புறையிலுள்ள 'வட்டி.சி', 'ஏ/கணக்கு/வட்டி.சி' ஆகிவிடும். உண்மையில் 'ஏ' என்று ஒரு கோப்புறை இல்லை. அது வெறும் அடையாளமே.

இதை அப்பாவிடம் கடித முகவரியாகச் சொன்னேன். வளைகுடாவிலிருந்து ஒரு கடிதம் வருகிறதென்று கொள்வோம். முகவரியைப் பெரியதிலிருந்து அடுக்கினால் இந்தியா, தமிழ்நாடு, கன்னியாகுமரி மாவட்டம், ஊர், மேலத்தெரு என்றாகும். ஊர்த் தபால்காரருக்குத் தெரு மட்டும் போதும். நாகர்கோவிலிலேயே ஊர்ப் பெயரை அடித்துவிட்டால்?

"மேலத்தெரு இல்லாத ஊரு எங்க இருக்கு மக்களே? கடுதாசி எந்த வீட்டுக்குப் போவும்?" என்றார் அப்பா.

பேட்ச் நிரலின் நிலையும் அதுவே. பாதையின் முன்னிருந்து எத்தனை படிகளை நீக்குவது என்பதை 'ஸ்ட்ரிப்' என்னும் எண்ணால் நாம் கூறவேண்டும். திட்டத்தின் தலைக் கோப்புறையில் நின்றுகொண்டு 0 என்றால், இல்லாத 'ஏ'யைத் தேடும். 1 என்றால் சரியாகப் பொருந்தும். 2 என்றால் வெறும் 'வட்டி.சி'யைத் தேடும், அதே பெயரும் அதே வரிகளும் கொண்ட வேறொரு கோப்பு அங்கிருந்தால், திருத்தம் ஓசையின்றி அதில் ஏறிவிடும். ஆனால் 'கணக்கு'க்குள் நிற்பவருக்கு 2-தான் சரி. முன்னொட்டே இல்லாமல் எடுத்த ஒட்டுக்கு 1 கொடுத்தாலோ, மெய்யான கோப்புறையே வெட்டுப்படும். ஆகவே முதலில் 'ட்ரை-ரன்' கொடுத்து ஒத்திகை பார்ப்பது நலம்.

நாம் நிற்கும் இடத்தை அறிந்த பின்னரே நீக்க வேண்டியதைத் தீர்மானிக்க இயலும். பட்டம் பெற வந்த என்னிடம், "ஊர்ப் பேச்சை விடு, ஊர்ப் பெயரைச் சொல்லாதே" என்று அறிவுரை கூறியோர் உண்டு. அவர்களுக்கு என் விடை இதுதான்: 'ஏ'யை நீக்கலாம், அது பெயரளவில் நிற்பது, என் ஊர் அப்படியன்று.