கட்டியங்காரன்

தோப்பின் ஓரத்தில், மாடுகள் இல்லாமற்போன கொட்டகைக்குள், பதினான்கு ஆண்டுகள் எங்கள் கார் நின்றுகொண்டிருந்தது. ஸ்டாண்டர்டு ஹெரால்டு, 1967-ஆம் ஆண்டு மாடல், இரண்டு கதவுகள். வால்பாறைத் தோட்டங்களுக்கு மளிகை அனுப்பி வந்த அப்பா, வசூலுக்குப் போய்வர 1984-இல் பழைய வண்டியாக வாங்கியது. ஹெரால்டு என்றால் அரசன் வருகையை முன்னறிவித்துக் கட்டியம் கூறுபவன் என்று பள்ளியில் ஆங்கில ஆசிரியர் சொல்லப்போக, அண்ணன் தம்பி இருவரும் வண்டிக்குக் 'கட்டியங்காரன்' என்று பெயர் சூட்டிவிட்டோம். சீவக சிந்தாமணியில் சச்சந்தனைக் கொன்று அவன் அரியணையில் அமர்ந்த அமைச்சனின் பெயரும் அதுவே என்பதை அப்போது அறியோம். பின்னாளில் எங்களில் மூத்தவர் தமிழ் முதுகலை படித்து, அந்தச் செய்தியை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது அப்பா சிரித்தார். "துரோகியா இருந்தா என்னடா, மலை ஏறுறானல்லோ?"

மலை ஏறத்தான் செய்தான். ஆனால் ஆழியாற்றிலிருந்து வால்பாறை வரை நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவை நெருங்கும்போதே ரேடியேட்டர் கொதித்து ஆவி கிளம்பிவிடும். காட்சிமுனையில் வண்டியை ஓரங்கட்டி, எஞ்சின் ஆறும்வரை அணையைப் பார்த்துக்கொண்டு நிற்போம். அம்மா கட்டிக்கொடுத்த புளிச்சோறு அங்கேதான் தீரும். மலைப்பயணம் என்று நாங்கள் நினைவில் வைத்திருப்பதில் பெரும்பகுதி அந்தக் காத்திருப்புதான்.

இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டை, சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்டு நிறுவனம் 1961 முதல் கட்டி விற்றது. வடிவமைத்தவர் இத்தாலியரான ஜியோவான்னி மிக்கெலொட்டி. உடலும் சேஸிஸும் தனித்தனி. ஒன்றின்மேல் ஒன்று போல்ட்டுகளால் பூட்டப்பட்டவை. முன்பக்க மட்கார்டுகளையும் சேர்த்துக்கொண்டு பானெட் முழுதும் முன்னோக்கிக் கவிழும். முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து எஞ்சின் வேலை பார்க்கலாம். சுமார் 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். குறுகலான எங்கள் தெருவில் அப்பா பின்னே எடுக்காமல் ஒரே ஒடிப்பில் வண்டியைத் திருப்புவதைப் பார்க்கச் சிறுவர்கள் கூடுவார்கள்.

1998-இல் வசூல் நின்றது, வண்டியும் நின்றது. 2012-இல் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இடக்கை விழுந்தது. மருத்துவமனையிலிருந்து திரும்பிய வாரமே, "ஒருக்கா அந்த வண்டியில மலைக்குப் போயிட்டு வரோணும்" என்றார். வாடகைக் காரில் போகலாமே என்றோம். பதில் சொல்லாமல் கொட்டகைப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

வண்டியை லாரியில் ஏற்றிக் கோவை கணபதியில் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனோம். உடலைக் கழற்றி ஓரமாக வைத்த அன்றுதான் துருவின் முழு உருவமும் தெரிந்தது. சேஸிஸின் நடுத்தண்டு உறுதியாக இருந்தது. அதிலிருந்து இருபுறமும் நீண்டு உடலைத் தாங்கும் இரும்புக் கைகள், சுத்தியலால் தட்டியபோது பிஸ்கட்டாய் உதிர்ந்தன. டிக்கித் தளத்தின் வழியாகத் தரை தெரிந்தது. டிங்கர் வேலை செய்பவர் சொன்னார்: "துருவ வெட்டி எறிஞ்சாத்தானுங்க ஆச்சு. மேல பட்டி பூசி பெயின்ட் அடிச்சா ஆறே மாசம், மறுபடியும் உள்ளயிருந்து வந்துரும்." நல்ல இரும்பு தட்டுப்படும்வரை வெட்டினார். வெட்டிய இடங்களில் புதுத் தகடு வைத்துப் பற்றவைத்தார். அந்த வேலைக்கு மட்டும் நான்கு மாதங்கள் பிடித்தன. அதற்குள் அப்பாவின் நடை மேலும் தளர்ந்திருந்தது.

எஞ்சினைப் பிரித்த நாளில் மேஸ்திரி எங்களைக் கூப்பிட்டு அனுப்பினார். 948 சிசி, நான்கு சிலிண்டர். பல ஆண்டுகள் உப்புத் தண்ணீர் ஊற்றி ஓட்டியதில் உள்ளே அரித்திருந்தது. "பிளாக்கு வெடிச்சிருக்குதுங்க, சார். மூணாவது சிலிண்டர் சுவத்துலீங்க. பத்த வெச்சாலும் மலையில நிக்காது." மாற்று பிளாக் தேடி உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளிலும் சென்னை புதுப்பேட்டையிலும் அலைந்தோம். கிடைத்த இரண்டும் எங்களுடையதைவிட மோசம். மேஸ்திரிதான் வழி சொன்னார்: "ஆம்னி எஞ்சின் வெச்சுரலாமுங்க. அதுவும் நீளவாக்குல உக்காரும், பின்சக்கரத்தத்தான் ஓட்டும். எடையும் கம்மி."

796 சிசி, மூன்று சிலிண்டர். எங்களில் இளையவர் லேத்துப் பட்டறை நடத்துபவர், உடனே சம்மதித்தார். மூத்தவருக்கு மனம் ஒப்பவில்லை. அவர் வகுப்பில் பதிப்பு வரலாறு நடத்துபவர். 1894-இல் புறநானூற்றை அச்சேற்றிய உ.வே.சாமிநாதையர், ஏடு சிதைந்த இடங்களைப் புள்ளியிட்டுக் காட்டினாரே அன்றித் தாமாக எழுதி நிரப்பவில்லை. அவருக்குப் புலமை போதாமலா? 267, 268-ஆம் பாடல்கள் இன்றுவரை வெறும் எண்களாகவே நிற்கின்றன. இல்லாததை இல்லை என்று காட்டுவதுதான் நேர்மை என்று மாணவருக்குச் சொல்லிவிட்டு, வீட்டில் இடைச்செருகலுக்குக் கையெழுத்துப் போடுவதா?

தம்பி கேட்ட கேள்வி எளிமையானது. "சரிண்ணா, புள்ளி வெச்சுட்டா வண்டி மலை ஏறுமா?"

ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டோம்: பழைய சேஸிஸில் ஓரிடத்தையும் வெட்டக் கூடாது. புது எஞ்சினைத் தாங்கும் பிராக்கெட்டுகளைத் தம்பியே செய்தார். அவை பழைய துளைகளிலேயே போல்ட்டால் பூட்டப்பட்டன. புரொப்பல்லர் ஷாப்டை லேத்தில் கொடுத்து அளவு மாற்றினோம். ஹைட்ராலிக் கிளட்சுக்குப் பதில் கேபிள் வந்தது. கழற்றிய ஒவ்வொன்றும் கிரீஸ் தடவி, சீட்டு எழுதி, பெட்டிக்குள் போனது. நாளை ஒருவன் நினைத்தால் எங்கள் செருகலை நீக்கிவிட்டு மூலத்தை மீட்டுவிட முடியும். போக்குவரத்து அலுவலகத்தில் அனுமதி பெற்றுப் பதிவுப் புத்தகத்தில் புது எஞ்சின் எண்ணையும் ஏற்றினோம். எங்கள் பதிப்பின் அடிக்குறிப்பு அது.

2013 தை மாதத்தில் அப்பாவை முன்னிருக்கையில் அமர்த்திக் கிளம்பினோம். எஞ்சினை உயிர்ப்பித்ததும் அவர் தலை சாய்த்துக் கேட்டார். நான்கு சிலிண்டரின் ஓசை அவருக்குப் பாடம், இது வேறு. முகத்தில் ஒரு குழப்பம் தோன்றி மறைந்தது. ஆழியாறு வரை ஒரு சொல்லும் பேசவில்லை. ஒன்பதாவது வளைவில் நாங்கள் நிறுத்தாமல் கடக்கவிருந்தோம்.

"தண்ணி ஊத்த நிக்கலையா?"

"கொதிக்கலீங்கப்பா."

"நிறுத்து."

காட்சிமுனையில் நிறுத்தி, அவரைப் பிடித்து இறக்கி, பானெட்டை முன்னே கவிழ்த்தோம். வலக்கையை மட்கார்டில் ஊன்றி நெடுநேரம் பார்த்தார். எஞ்சினைச் சுற்றி முன்பில்லாத வெற்றிடம் நிறையவே இருந்தது.

"இது ஆருது?"

"ஆம்னி எஞ்சினுங்கப்பா. நம்முளுது வெடிச்சுப் போச்சுங்க. பத்திரமா வெச்சிருக்கிறோம்."

அவர் கோபப்படுவார் என்று நினைத்தோம். "அவனும் களைச்சுப் போயிருப்பான்" என்றார். பிறகு, கொதிக்காத வண்டிக்காக, கால்மணி நேரம் அணையைப் பார்த்தபடி நின்றோம். அடுத்த ஆண்டு அப்பா இல்லை.

2021-இல் பழம்பெரும் வாகனங்களுக்கு மைய அரசு தனிப் பதிவு விதிகளைக் கொண்டுவந்தது. ஐம்பது ஆண்டுகள் கடந்திருக்க வேண்டும். சேஸிஸ், உடல், எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றமின்றி மூல வடிவில் இருக்க வேண்டும். அத்தகைய வண்டிக்கு 'விஏ' எழுத்துகளோடு எண். வயதில் எங்கள் வண்டி தேறியது. எஞ்சினில் தோற்றது. விதியில் குறை காண இயலவில்லை. மூத்தவர் வகுப்பில் சொல்லிவரும் விதிதான் அது.

அதே ஆண்டு இறுதியில் தம்பியின் நண்பர் மூலம் ஒரு 948 சிசி எஞ்சின் வந்தது, உடைக்கப்பட்ட வேறொரு ஹெரால்டினுடையது, நல்ல பிளாக். பிராக்கெட்டுகளைக் கழற்றினால் ஒரு வாரத்தில் வண்டி பழையபடி ஆகிவிடும் என்றார் மேஸ்திரி. இம்முறை துடித்தவர் மூத்தவர், தயங்கியவர் தம்பி. "அதுவும் நம்ம எஞ்சின் இல்லைண்ணா. அப்பா அதைப் பார்த்ததே இல்ல" என்றார். சுவடி வேறானாலும் பாடம் ஒன்றே என்று மூத்தவர் வாதிட்டுப் பார்த்தார். வாதத்தில் பிழையில்லை. ஆனாலும் போல்ட்டைக் கழற்ற ஸ்பானரை எடுத்துக்கொண்டு அவரும் போகவில்லை.

இப்போது கொட்டகையில் மூன்று எஞ்சின்கள் இருக்கின்றன: வெடித்தது, வந்தது, ஓடுவது. ஆயுத பூஜையன்று மூன்றுக்கும் சந்தனம் வைக்கிறோம். ஆண்டுக்கு ஒருமுறை மலைக்குப் போகும்போது ஒன்பதாவது வளைவில் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறோம். என்ன கோளாறு என்று வழிப்போக்கர்கள் இறங்கிவந்து கேட்கிறார்கள்.