அரக்குச் சிவப்புக்கு அடியில்

மாசி 3

எங்கள் பழைய ஹெரால்டு கார் இன்று வெறும் தகரமாக நிற்கிறது. காஞ்சிபுரத்தில், ஓரிக்கைப் பக்கத்துப் பட்டறையில் மேலிருந்து கீழ்வரை சுரண்டி முடித்தார்கள். மேலே அப்பா கடைசியாக அடிக்க வைத்த வெள்ளை. அதற்குக் கீழே, அவருக்கு முன்னால் வைத்திருந்தவர் அடித்த நீலம். அதற்கும் கீழே, ஓரங்களில் மட்டும் மிச்சமிருந்த வெளிர்பச்சை. பின்சக்கரத்து வளைவில் விரல் கனத்துக்குப் பட்டி. அதை எடுத்ததும் துரு தின்ற ஓட்டை தெரிந்தது. டிங்கர் அதைப் பிய்த்தெறிந்துவிட்டுப் புதுத்தகடு வைத்துப் பற்றவைத்திருக்கிறார்.

இந்த வண்டி பிறந்தது சென்னைப் பக்கம், ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனியில். 1961-ல் ஹெரால்டு இங்கே வரத் தொடங்கியது. இங்கிலாந்துக்காரன் இரண்டு கதவோடு விட்ட வண்டிக்கு நாலு கதவு வைத்தது நம் ஊர்க் கம்பெனிதான். அந்த நாலு கதவு வண்டிதான் எங்களுடையது. பின்சீட்டில் சேலை மூட்டைகளை அடுக்கி அப்பா மெட்ராஸுக்கு ஓட்டிப்போவார்.

பழைய வண்டிக்குக் கம்பெனி நிறம்தான் மரியாதை என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பேச்சில் நியாயம் உண்டு. அந்த வெளிர்பச்சை முழுசாக இருந்திருந்தால் நானும் கை வைத்திருக்க மாட்டேன். ஆனால் ஏற்கெனவே இரண்டு முறை நிறம் மாறி, பாதி தகடும் மாறிய வண்டி இது. இதற்கு நான் நினைத்திருப்பது அரக்கு. எங்கள் ஊர்க் கல்யாணச் சேலையின் அரக்கு. அதையும் சாதாரணப் பெயிண்டில் அடிக்கப்போவதில்லை. கேண்டி.

மாசி 5

பெயிண்டர் அண்ணனுக்குக் கேண்டி புதிதல்ல. சென்னையில் புல்லட் டாங்குகளுக்கு அடித்திருக்கிறார். முழுக் காருக்கு அடித்ததில்லை. “டாங்கு மடியில வச்சுக்கலாம் தம்பி. கார் அப்படியில்ல” என்றார். அவர் யோசிப்பதே எனக்கு நம்பிக்கை தருகிறது. சரி சரி என்று தலையாட்டுகிறவரிடம் இந்த வேலையைக் கொடுக்கக் கூடாது.

சாதாரணச் சிவப்பில் நிறம் பெயிண்டிலேயே இருக்கிறது. வெளிச்சம் மேலே பட்டு அங்கிருந்தே திரும்பிவிடும். கேண்டியில் மேலே அடிப்பது சாயம் கலந்த கிளியர், மறைக்கும் சக்தியே இல்லாதது. வெளிச்சம் அதற்குள் புகுந்து, அடியில் இருக்கும் மெட்டாலிக் பேஸின் அலுமினியத் துகளில் பட்டு, மறுபடியும் அதே சாயத்தின் வழியாக வெளியே வருகிறது. போகும்போது ஒரு தரம், வரும்போது ஒரு தரம் என்று சாயத்தைக் கடந்து வருவதால்தான் அந்த ஆழம். வெயிலில் உள்ளிருந்து எரிகிறது, நிழலில் கறுத்துப்போகிறது.

அமெரிக்காவில் 1950-களில் இதைப் பேர்வாங்க வைத்தவர் கலிஃபோர்னியாவின் ஜோ பெய்லன். மழை பெய்த ராத்திரியில் முன்னால் போன காரின் பின்விளக்குச் சிவப்பைப் பார்த்து, அதே நிறத்தில் ஒரு காரே இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு, வருஷக்கணக்கில் கலந்து கலந்து பார்த்தாராம். விளக்கிலும் நடப்பது இதுதான்: சிவப்புக் கண்ணாடி, அதற்குப் பின்னால் பளபளக்கும் கிண்ணம். 1956-ல் ஜான் கோஸ்மோஸ்கி தொடங்கிய ஹவுஸ் ஆஃப் கலர் இந்தக் கேண்டி நிறங்களை டப்பாவில் அடைத்து விற்றது. பெரிய தொழிற்சாலைகள் ரொம்பக் காலம் இந்தப் பக்கம் வரவில்லை. 2012-ல் மாஸ்டா கம்பெனி சோல் ரெட் என்று ஒரு சிவப்பைக் கொண்டுவந்தது. துகள் அடுக்கு, அதன் மேல் ஒளி ஊடுருவும் சிவப்பு, அதன் மேல் கிளியர். தேர்ந்த பெயிண்டரின் கையசைவை ரோபோவுக்குப் படிய வைத்ததாகச் சொல்லித்தான் அதை விற்றார்கள். பெயிண்டர் அண்ணனிடம் இதைச் சொன்னேன். “கை நம்மளுது, பேரு ரோபோவுக்கா?” என்றார்.

மாசி 8

மாதிரித் தகடு அடித்தோம். இந்த வேலையில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இதுதான், அவசரப்படுகிறவர்கள் முதலில் விட்டுவிடுகிற பகுதியும் இதுதான்.

ஒரு முழ நீளத்தில் மூன்று தகடுகள். ஒன்றில் மெல்லிய துகள் வெள்ளி, இன்னொன்றில் பருத்த துகள் வெள்ளி, மூன்றாவதில் தங்கநிற மெட்டாலிக். மூன்றுக்கும் மேலே ஒரே சிவப்புக் கேண்டி. ஒரு கை அடித்ததும் தகட்டின் ஓரத்தில் மூன்று விரல் அகலத்துக்குப் பேப்பர் ஒட்டி மறைத்துவிடுவார். அடுத்த கை. மறுபடி மூன்று விரல் மறைப்பு. இப்படி ஏழு கை. காய்ந்ததும் பேப்பரை எடுத்தால் தகட்டில் ஏழு படி இறங்குகிறது. முதல் படி வெளிறிய ரோஜா, நாலாவது நல்ல சிவப்பு, ஏழாவது காய்ந்த ரத்தம். டப்பாவில் இருப்பது ஒரே சிவப்பு, தகட்டில் இருப்பதோ ஏழு சிவப்பு. அதனால்தான் கேண்டியில் கடைக்காரரிடம் நம்பர் சொல்லி நிறம் வாங்க முடியாது. பேஸ் எது, எத்தனை கை, எந்தக் கை என்பதெல்லாம் சேர்ந்துதான் நிறம்.

தகடுகளை எடுத்துக்கொண்டு பிள்ளையார்பாளையத்து வீட்டுக்குப் போனேன். எதிர்வீட்டு மாமா தறியை விட்டு இறங்கி வருஷங்கள் ஆகிவிட்டன. கண் மட்டும் இன்னும் தறியில்தான் இருக்கிறது. நிறத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. தகட்டைப் புரட்டி முதுகைப் பார்த்தார். “அடியில என்னா குடுத்த?” என்றார்.

வேறு யாரும் அதைக் கேட்கவில்லை. மற்ற எல்லாருக்கும் மேலே உள்ள சிவப்புதான் கண்ணில் படுகிறது. நல்ல ஜரிகையில் பட்டு இழையின் மேல் வெள்ளியைச் சுற்றி, அதன் மேல் தங்க முலாம் பூசுகிறார்கள். உள்ளே இருக்கும் இழையைச் சிவப்பாகச் சாயம் போட்டிருப்பார்கள். ஜரிகையைச் சுரண்டி உள்ளே சிவப்பு தெரிகிறதா என்று பார்ப்பது எங்கள் ஊர்ப் பழக்கம். அடியில் இருப்பதை வைத்தே மேலே இருப்பதை மதிப்பவர் மாமா. காருக்கும் அதே கேள்விதான். வெள்ளி பேஸின் மேல் இந்தச் சிவப்பு கொஞ்சம் குளிர்ந்து, ரோஜாப் பக்கம் சாய்கிறது. தங்கத்தின் மேல் சூடேறி அரக்காகிறது.

வாசல் வெயிலில் தகட்டைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டு, தங்கத்தகட்டின் ஐந்தாவது படியில் விரலை வைத்தார். நானும் அதைத்தான் நினைத்திருந்தேன்.

மாசி 11

பிரைமர் அடித்து, வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறார்கள். முதலில் 400, பிறகு 600, 800. மெட்டாலிக்கின் அடியில் ஒரு கீறல் இருந்தால் துகள் அந்தக் கீறலிலேயே வரிசை கட்டி நின்றுகொள்ளும். மேலே எத்தனை கை அடித்தாலும் அந்தக் கோடு போகாது. கேண்டி எதையும் மறைக்காது.

இன்றைக்கு மாஸ்க் விஷயமாகக் கொஞ்சம் சத்தமாகப் பேச வேண்டியிருந்தது. பட்டறைகளில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு பியூ (பாலியூரித்தேன்) பெயிண்ட் அடிப்பது சகஜம். அதன் ஹார்டனரில் இருப்பது ஐசோசயனேட். 1984-ல் போபாலில் கசிந்த மீத்தைல் ஐசோசயனேட்டும் இந்தக் குடும்பம்தான். ஹார்டனரில் வருவது அதுவல்ல, ஆவியாவதும் குறைவு. ஆனால் ஸ்பிரேயில் நுண்துளியாகப் பறக்கும்போது நுரையீரலுக்குள் போய்விடும். உலகம் முழுக்கப் பெயிண்டர்களுக்குத் தொழிலால் வரும் ஆஸ்துமாவுக்கு இது பெரிய காரணம். ஒரு முறை உடம்பு அதற்கு ஒவ்வாமையாகிவிட்டால், பிறகு துளி பட்டாலே மூச்சு இழுக்கும். ஆபத்தான அளவிலும் அதன் மணம் தெரியாமல் போகலாம் என்பதால் மூக்கை நம்பி அடிக்க முடியாது. கைக்குட்டை தூசியைக்கூடச் சரியாகத் தடுப்பதில்லை.

தனிக் குழாயில் சுத்தக் காற்று வருகிற முகமூடி ஒன்றைச் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் சொல்லிவைத்து வாங்கி வந்திருந்தேன். அண்ணன் முதலில் சிரித்தார். “இருவத்தஞ்சு வருஷமா இப்படித்தானே அடிக்கிறேன்” என்றார். இருபத்தைந்து வருஷம் அடித்தவர்தான் முதலில் போட்டுக்கொள்ள வேண்டும் என்றேன். பெயிண்டுக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கிற காரின் சொந்தக்காரர்கள் இதற்கும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். இது பெயிண்டர் தலையில் விழ வேண்டிய செலவல்ல.

கூலியும் நாள் கணக்கில்தான் என்று பேசி முடித்தோம். கதவுக்கு இவ்வளவு, பானட்டுக்கு இவ்வளவு என்கிற ரேட்டில் கேண்டி அடிக்கச் சொன்னால், அவசரத்தை நாமே காசு கொடுத்து வாங்குகிறோம்.

மாசி 14

காமாட்சி அம்மன் பிரம்மோற்சவம். ராஜவீதிகளில் நகர இடமில்லை. பட்டறைப் பையன்கள் வரவில்லை. நல்லதுதான், பிரைமர் இறுகட்டும்.

மாசி 18

கதவு இடுக்கு, டிக்கியின் உள்விளிம்பு, பானட்டின் உட்பக்கம் ஆகியவற்றுக்கு நேற்றே பேஸும் கேண்டியும் அடித்து மறைத்தாயிற்று. இன்று வெளிப்புறம் முழுவதும், ஒரே மூச்சில்.

மாசிப் பனி விலகும்வரை காத்திருந்தோம். ஈரக்காற்றில் அடித்தால் தின்னர் ஆவியாகும் குளிர்ச்சியில் தகட்டில் நீர் படிந்து, பெயிண்ட் வெளிறிவிடும். கம்ப்ரெசர் டாங்கின் தண்ணீரைத் திறந்துவிட்டு, தரையை நனைத்து, வண்டியை ஒட்டுத்துணியால் துடைத்துவிட்டு, ஒன்பது மணி வாக்கில் முதல் கை பேஸ். கதவுகள் வண்டியிலேயே மாட்டியபடிதான் இருந்தன. மெட்டாலிக்கில் துகள் எப்படிப் படுக்கிறதோ அப்படித்தான் நிறம் தெரியும். கதவைக் கழற்றிப் படுக்கப் போட்டு அடித்து, பிறகு நிமிர்த்தி மாட்டினால் பக்கத்துத் தகட்டோடு ஒட்டாது.

ஹெரால்டில் பெரிய சோதனை பானட்தான். இரண்டு மட்கார்டும் சேர்ந்த ஒரே தகடு. மொத்தமாக முன்பக்கம் சாயும். மேலே கிடைமட்டம், இரு பக்கமும் செங்குத்து. ஒரே தகட்டில் துகள் மூன்று விதமாக விழப் பார்க்கும். ஈரமாக அடித்தால் துகள் மூழ்கிக் கறுக்கும், வறட்சியாக அடித்தால் மேலே நின்று வெளுக்கும். இரண்டு கை அடித்த பிறகு, ஸ்பிரே கன்னைத் தள்ளிப் பிடித்துப் பனித்தூவலாக ஒரு கை விட்டார். மேகம் மேகமாகத் தெரிந்தது அடங்கித் தங்கம் ஒரே சீராக வந்தது. அந்த நிமிஷத்தில் வண்டியைப் பார்த்தவர்கள் இதுவே போதுமே என்றார்கள்.

பிறகு கேண்டி. 1.3 டிப், 28 பவுண்டு காற்று, தகட்டிலிருந்து ஒரு சாண் தூரம். ஒவ்வொரு வீச்சும் முந்தின வீச்சின் முக்கால் பங்கை மூட வேண்டும். கதவு கதவாக நிறுத்தி அடிக்காமல், முன் விளக்கிலிருந்து டிக்கி வரை நடந்துகொண்டே ஒரே வீச்சாகப் போனார். பையன் ஒருவன் ஓஸைத் தோளில் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தான். ஒரு நொடி கை நின்றால் அங்கே ஒரு கறுப்புப் பட்டை. விளிம்புகளில் இரண்டு பக்கத்து வீச்சும் விழுவதால் அங்கே சாயம் கூடும். அதனால் விளிம்பு வரும் முன்பே டிரிக்கரைத் தளர்த்துகிறார். அடுத்த கை தொடங்கும்போது முந்தின கையின் கோட்டிலேயே தொடங்காமல் அரை வீச்சு கீழே இறக்கித் தொடங்குகிறார். கோட்டின் மேல் கோடு விழுந்தால் வண்டியே வரிவரியாகிவிடும்.

கைக்குக் கை பத்து நிமிஷத்துக்கு மேல் ஆறவிட்டோம். இரண்டாவது கையில் செம்பு நிறம். மூன்றாவதில் தங்கம் பின்வாங்கிச் சிவப்பு முன்னால் வந்தது. நாலாவது முடிந்ததும் அண்ணன் கன்னைக் கீழே வைத்துவிட்டு, மாதிரித் தகட்டை எடுத்து வண்டிமேல் வைத்து, சுற்றிவந்து பார்த்தார். கூரையில் ஐந்தாவது படியே வந்துவிட்டது. கூரை கிடைமட்டம் என்பதால் கொஞ்சம் தாராளமாக விழுந்திருக்கிறது. கூரையை விட்டுவிட்டு மற்ற இடத்துக்கு மட்டும் ஐந்தாவது கை. கணக்குப்படி போகாமல் கண் சொன்னபடி போனார். மிஷின் ஐந்து என்றால் ஐந்து அடித்திருக்கும்.

மாலைப் பூச்சிகள் கிளம்பும் முன் கிளியர் மூன்று கை. கேண்டிச் சாயம் வெயிலில் மங்கும் குணம் உள்ளது. வெயிலைத் தாங்கும் மருந்து கலந்த நல்ல கிளியர்தான் அதற்குக் காவல். இங்கே சிக்கனம் பிடிக்கிறவர்கள் இரண்டு கோடையில் வருத்தப்படுவார்கள்.

மாசி 27

கிளியர் இறுகிவிட்டது. 1500, 2000 பேப்பரில் தேய்த்து, ரப்பிங் போட்டு, பாலிஷ் முடிந்தது. மாமாவை வரச்சொன்னேன். வண்டியின் முன்னால் நின்று பார்க்காமல், பின்பக்கம் போய்க் குனிந்து, டிக்கி ஓரத்திலிருந்து தகட்டின் நீளத்துக்குக் கண்ணை ஓட்டினார். இடது பின்கதவின் கீழ்விளிம்பில் ஓர் இடத்தைத் தொட்டார். அங்கே சாயம் ஒரு நூல் அதிகம். அவர் விரல் வைக்கும்வரை எனக்குத் தெரியவில்லை. அண்ணனுக்கு மட்டும் முன்பே தெரிந்திருக்கிறது. “தெரியும் பெரியவரே, அங்க முட்டி போட்டு அடிச்சேன்” என்றார். இரண்டு பேரும் அதற்குப் பிறகு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள், தறியைப் பற்றியும் கன்னைப் பற்றியும்.

அதைச் சரிசெய்வதாக இல்லை. கேண்டியில் ஓர் இடத்தை மட்டும் திருத்த முடியாது. அந்தப் பக்கம் முழுவதையும் பேஸிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். நாளைக்கு யாராவது சைக்கிளில் உரசினாலும் இதே கதைதான். இதைத் தெரிந்துகொண்டுதான் இந்த நிறத்துக்கு வர வேண்டும். தினமும் பஜாரில் நிறுத்துகிற வண்டிக்கு நான் இதைச் சொல்லமாட்டேன்.

ஆர்.சி.யில் நிறம் வெள்ளை என்றே இருக்கிறது. அதை மாற்றிப் பதிய ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் திங்கட்கிழமை போக வேண்டும். ஒரு மாதத்துக்கு மெழுகு போடக் கூடாது, காக்கை எச்சம் பட்டால் உடனே கழுவ வேண்டும், புளியமர நிழலில் நிறுத்தக் கூடாது.

பிற்பாடு இந்த வண்டியைத் தொடப்போகிற பெயிண்டருக்காக அண்ணன் சொல்லச் சொல்ல ஒரு தாளில் எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு டேஷ்போர்டு பெட்டியில் வைத்திருக்கிறேன்: தங்க மெட்டாலிக் இரண்டு கை, தூவல் ஒரு கை. சிவப்புக் கேண்டி ஐந்து கை, கூரைக்கு நாலு. முக்கால் மூடல், 1.3 டிப், 28 பவுண்டு. கிளியர் மூன்று கை. அதோடு மாதிரித் தகட்டையும் வைத்திருக்கிறேன். கீழே அவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.