நான்கு சில்லும் பனித்தெருவும்

நமது ஊரில் ரயர் என்பது தேயும்வரை ஓடும் பொருள். தேய்ந்த பின்னரும் சில நாள் ஓடும். ஒரே வாகனத்துக்கு மாரிக்கு நான்கு, மற்றைய காலத்துக்கு நான்கு என எட்டு ரயர்களை வைத்திருப்போர் உளர் என்று யாழ்ப்பாணத்தில் ஒருவரிடம் கூறினால், அவர்களுக்குப் பணம் மிகுந்துவிட்டது போலும் என்றே எண்ணுவார். 2023ஆம் ஆண்டு கார்த்திகை மாதத்தில் ரொறன்ரோவில் என் தம்பியின் வீட்டில் தங்கியிருந்தபோது, அன்றாடம் உழைத்து உண்ணும் ஒரு குடும்பத்திலே இந்த விடயம் எவ்வளவு பெரிதாகிவிடுகிறது என்பதைக் கண்டேன்.

தம்பி வீடுகளுக்குத் தரையோடு பதிக்கும் தொழில் செய்பவன். பின்புறம் திறந்த தட்டுள்ள பிக்கப் வாகனம் ஒன்றே அவனது முதல். விடியுமுன் எழுந்து, மனைவியை அவள் பணிபுரியும் முதியோர் இல்லத்தில் இறக்கிவிட்டு, 400ஆம் இலக்க நெடுஞ்சாலை வழியே வடக்கே பாரி நகர்ப் பக்கம் செல்வான். ஜோர்ஜியன் குடாவின் நீர்ப்பரப்பைக் கடந்துவரும் குளிர்காற்று, அப்பகுதியிலே தான் சுமந்துவந்த ஈரத்தைப் பனியாகக் கொட்டிவிடும். வாகனத்தின் ரயர்களோ தேய்ந்திருந்தன. அவற்றை மாற்றவேண்டும் என்பதில் ஐயமில்லை. எவற்றை வாங்குவது, எத்தனை வாங்குவது என்பதிலேதான் வீட்டில் இரண்டு நாளாகப் பேச்சு நடந்தது.

"அண்ணை, இது நாலு சில்லும் இழுக்கிற வண்டி. பின்னுக்கு ரண்டு புதுசு போட்டாக் காணும்," என்றான் தம்பி. தை மாதத்தில் மகளுக்குப் பல்கலைக்கழகக் கட்டணம் கட்டவேண்டியிருந்தது. அவனது கணக்கு அதிலிருந்தே தொடங்கிற்று.

நான் கல்லூரியிலே பௌதிகம் கற்பிப்பவன். எனது சம்பளம் கனடாவில் ஒரு ரயருக்குக் காற்றடிக்கவும் காணாது. ஆதலால் பணத்தால் உதவ இயலாத நான், கடதாசியும் பேனையும் எடுத்துக்கொண்டேன். நான்கு சில்லுகளுக்கும் இயந்திரத்தின் விசை செல்வது வாகனம் புறப்படுவதற்கு உதவும். ஏற்றத்தில் ஏறவும் உதவும். நிறுத்தும்போது அதனால் யாதொரு பயனும் இல்லை. பிரேக் எல்லா வாகனங்களிலும் நான்கு சில்லுகளிலுமே பிடிக்கிறது. மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் வாகனம், உராய்வுக் குணகம் 0.7 ஆகவுள்ள உலர்ந்த தெருவில் பிரேக் பிடித்தபின் ஏறக்குறைய 20 மீற்றரில் நிற்கும். இறுகிய பனியில் அக்குணகத்தை 0.2 எனக் கொண்டால், நிற்பதற்கு 70 மீற்றர் வேண்டும். மாணவர்கள் இக்கணக்கைத் தாமே செய்து பார்க்கலாம். இதிலே வாகனத்தின் திணிவு வருவதில்லை என்பதையும் கவனிக்கவேண்டும். பெரிய வண்டி என்பதற்காகப் பனி அதற்கு வழிவிடாது. பின்னிரண்டு சில்லுகளுக்கு மாத்திரம் நல்ல ரயர் பூட்டினால் வண்டி உற்சாகமாகப் புறப்படும். வளைவு வரும்போது முன்சில்லுகள் திருப்பிய பக்கம் திரும்பமாட்டா.

தம்பி கடதாசியை நெடுநேரம் பார்த்தான். பிறகு, அறிந்தவர் ஒருவரிடம் பழைய மாரிக்கால ரயர்கள் நான்கு மலிவாகக் கிடைக்கும் என்றான். மாலையிலே போய்ப் பார்த்தோம். தவாளிப்புகள் ஆழமாகவே இருந்தன. ஆயினும் ரயரின் பக்கச்சுவரில் ஒரு நீள்வட்டத்துள் நான்கு இலக்கங்கள் பொறித்திருக்கும். முதலிரண்டும் கிழமையையும் அடுத்த இரண்டும் ஆண்டையும் குறிப்பன. அங்கே இருந்தது 3814. அதாவது 2014ஆம் ஆண்டின் 38ஆம் கிழமையிலே பிறந்த ரயர். ஒன்பது ஆண்டுகளில் இறப்பர் முதுமை எய்தி இறுகிவிடும். மாரிக்கால ரயரிலே நாம் விலைகொடுத்து வாங்குவது அந்த மிருதுத் தன்மையைத்தான். சாதாரண ரயரின் இறப்பர் 7 பாகை செல்சியசுக்குக் கீழே இறுகத் தொடங்கும். மாரிக்கால ரயரின் கலவையோ கடுங்குளிரிலும் வளைந்துகொடுக்கும்.

குளிரிலே மிருதுவாக நிற்பதில் இயற்கை இறப்பருக்குத் தனிச் சிறப்புண்டு. 1876இல் கம்பகாவின் ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்ட கன்றுகளிலிருந்து இலங்கையின் இறப்பர் வரலாறு தொடங்கிற்று. பனியையே காணாத நாட்டின் மரத்துப் பால், பனிநாட்டு வண்டியை நிறுத்தப் பயன்படுகிறது! உலகின் முதலாவது மாரிக்கால ரயரும் 1934இல் பின்லாந்து நாட்டில் பாரவண்டிகளுக்காகவே செய்யப்பட்டது என்பர்.

மறுநாள் சென்ற கடையில் முதிய பஞ்சாபியர் ஒருவர் இருந்தார். தம்பியின் கண், பாறை பாறையாகப் பிதுங்கிய தடித்த ரயர்களில் பதிந்தது. பார்ப்பதற்கு அவை வீமனின் தோள்களைப் போன்றன. பெரியவர் சிரித்தபடி, அவை சேற்றுக்கு உரியன என்றார். பனிக்கட்டியைப் பற்றுவன அந்தப் பெருங்கட்டிகளல்ல. கட்டிகளின் மேல் கத்தியாற் கீறியது போலுள்ள நூற்றுக்கணக்கான நுண்வெட்டுகளே. பின்னர் அவர் ரயரின் பக்கத்திலிருந்த ஒரு சின்னத்தைக் காட்டினார்: மூன்று சிகரமுள்ள மலை, அதனுள்ளே ஒரு பனித்துகள். பனியிலே பரிசோதித்துத் தேறிய ரயருக்கே அச்சின்னம் உண்டு. 'எம்', 'எஸ்' என்ற எழுத்துகள் மாத்திரம் இருப்பின், தவாளிப்பின் அமைப்பைத் தவிர வேறொன்றையும் அவை உறுதிசெய்யா.

"எவ்வளவு பாரம், கிழமையில் எத்தனை நாள்?" என்பது அவர் அடுத்துக் கேட்ட கேள்வி. எனக்கு அவர்மேல் மதிப்பு உண்டானது அப்போதுதான். பாரவண்டிகளுக்கென்று தடித்த பக்கச்சுவருடன் செய்யப்படும் ரயர்கள் விலை கூடியவை. அதிக காற்றழுத்தமும் வேண்டுவன. தம்பி ஓடுகளையும் சீமெந்தையும் ஏற்றுவது கிழமையில் இரண்டு நாள். மற்றைய நாட்களில் தட்டு வெறுமையாக இருக்கும். சாரதியின் கதவோரத் தகட்டிலே எழுதியுள்ள அளவையும் காற்றழுத்தத்தையும் பெரியவர் குனிந்து வாசித்தார். வண்டியுடன் வந்த ரயர்களின் பாரச் சுட்டெண்ணுக்குக் குறையாத சாதாரண மாரிக்கால ரயரே போதும் என்றார். விலை கூடியதை விற்றிருக்கலாம்; விற்கவில்லை. தட்டு வெறுமையாக உள்ள நாட்களில் பின்னச்சுக்கு மேலாக இரண்டு மண்மூட்டைகளைக் கட்டிவைக்கும்படியும் கூறினார்.

கியூபெக் மாகாணத்தில் மார்கழி முதலாந் திகதியிலிருந்து பங்குனி 15 வரை மாரிக்கால ரயர் சட்டப்படி கட்டாயம். ஒன்ராறியோவில் அவ்வாறில்லை, ஆயினும் 2016 முதல் அவற்றைப் பூட்டுவோருக்குக் காப்புறுதிக் கட்டணத்திலே கழிவு உண்டு. இதைக் கேட்டதும் தம்பி கடையிலிருந்தே காப்புறுதிக் காரரைத் தொலைபேசியில் அழைத்தான். கழிவு சிறிதுதான். அவனுக்கோ அது ஒரு சாட்டாக அமைந்தது. நான்கையும் பூட்டும்படி சொன்னான். பணத்தை மூன்று மாதத்தில் கட்டுவதாக ஏற்பாடு.

நூறு கிலோமீற்றர் ஓடியபின் வந்து சில்லு நட்டுகளை மீண்டும் இறுக்கிக்கொள்ளும்படியும், குளிர் கூடக் கூடக் காற்றழுத்தம் குறையுமாதலால் மாதம் ஒருமுறை அளந்து பார்க்கும்படியும் பெரியவர் கூறினார். தம்பியின் மனைவி இரண்டையும் சமையலறை நாட்காட்டியில், பல்கலைக்கழகக் கட்டணத் திகதிக்கு மேலே குறித்து வைத்தாள்.