பட்டாம்பூச்சியும் உறியும்

சிறுவர் அவைக்கு ஆடுவது எளிதென எண்ணுவோர் உளர். உண்மையில் அதுவே அரிது. பொருள் விளங்காவிடினும் முதியோர் மரியாதைக்காக அமர்ந்திருப்பர்; சிறுவர் அவ்வாறு இரார்.

அதிலும் சிங்கப்பூர்ப் பள்ளி மண்டபத்தில் சீனரும் மலாய்க்காரரும் தமிழரும் அருகருகே அமர்ந்திருப்பர். பதத்தின் சொல்லோ அவருட் பெரும்பாலார்க்கு அயல்மொழி.

இதற்கொரு விடை 1958ஆம் ஆண்டிலேயே கிடைத்தது. கே. பி. பாஸ்கர் 1952இல் இங்கு நடனப் பள்ளியொன்றை நிறுவினார். 1955இல் வந்து சேர்ந்த அவர்தம் துணைவியார் சாந்தா பாஸ்கர், சீனரின் பட்டாம்பூச்சிக் காதலர் கதையைப் பரதத்தில் அமைத்தார். கல்வி வேட்கையால் ஆண்வேடம் பூண்டு பயிலச் செல்லும் சூ யிங்தாய், உடன் பயிலும் லியாங் ஷான்போ, இறுதியில் இருவரும் பட்டாம்பூச்சிகளாதல் என்னும் அக்கதை சீனரிடையே வழிவழி வழங்குவது. அது சிறுவர்க்கென ஆக்கப்பட்டதன்று. எனினும், கதை அறிந்த கண்ணுக்கு அயலான முத்திரையும் விளங்கும் என்பதைக் காட்டிற்று.

தமிழ்ப்பிள்ளையின் நிலை யாது? வீட்டில் ஆங்கிலமே பேசி வளரும் பிள்ளைக்குக் கண்ணன் வெண்ணெய் திருடும் பதமும் அயலாகிவிடுகிறது. அதற்காக ஆட்டத்திற்கு முன் ஒருவர் ஒலிபெருக்கியில் ஆங்கிலச் சுருக்கம் வாசிப்பதுண்டு. விடை சொல்லிய பின் விடுகதை போடுவது போன்றது அது! முந்தைய நாள் வகுப்பில் தமிழாசிரியர் வெண்ணெய், உறி, உரல் என மூன்று சொற்களைத் தந்தால் போதும். உறி எவ்வளவு உயரத்தில் தொங்குகிறது என்பதை ஆடுபவரின் அண்ணாந்த கண் சொல்லிவிடும்.